உறையுலர்த்தல் என்றால் என்ன? இறாலை வீட்டில் அவ்வாறு உலர்த்தலாமா?

நிலாவெளிவாசி கேட்டது:
கனடாவிலிருந்து வந்த அக்கா கொடுத்த ஸ்ட்ரோபெரிப் பொதியில், பழத்தை உறையவைத்து உலர்த்தியதாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். துண்டுகள் அப்பளம்போல நொறுங்கினாலும் நிறமும் புளிப்பும் மாறவில்லை. இங்கே வெயிலில் காயும் கருவாடு மட்டும் ஏன் கறுத்துச் சுருங்குகிறது? குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இறாலை நெடுநாள் வைத்தால் இதே பலன் கிடைக்குமா?

உவர்மலை ஆசிரியர்:
திறந்து வைத்த கற்பூரம் உருகாமலே சிறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதங்கமாதலைப் பனிக்கட்டியில் நிகழ்த்துவதே உறையுலர்த்தல். உணவை நன்றாக உறையவைத்து, அதை வைத்த மூடிய பாத்திரத்திலுள்ள காற்றை வெளியேற்றி, அழுத்தத்தை 6 மில்லிபாருக்கும் கீழே கொண்டுவந்தால் (நம்மைச் சூழ்ந்திருப்பது ஏறத்தாழ 1013), அங்கே நீர் திரவமாக இருக்கவே முடியாது என்பதால், சிறிது வெப்பம் கொடுத்ததும் பனிக்கட்டி நேரே ஆவியாகிவிடும். வெயிலில் காயும் மீனிலோ நீர் திரவமாகவே மேற்பரப்புக்கு நகர்வதால் தசை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுருங்குகிறது. உறையுலர்த்தலில் பனிப்படிகம் இருந்த இடம் நுண்துளையாக எஞ்சுகிறது; உருவம் குலையாததற்கும், நீர் பட்டதும் உடனே ஊறுவதற்கும் அதுவே காரணம்.

உங்கள் உறைபகுதியில் வெற்றிடம் இல்லை. அங்கே நெடுநாள் கிடந்த இறாலின் ஓரம் வெளுத்து நாராகிவிடுமே, அது இதன் அரைகுறை வடிவம், சுவையும் கெட்டுவிடும்.

ஓய்வுபெற்ற தாதி:
இம்முறையில் செய்யும் உடனடிக் கோப்பித் தூளைவிட மருத்துவத்தில்தான் இதன் அருமை தெரியும் என்பது என் எண்ணம். பாம்புக்கடிக்கு நாம் ஏற்றும் இந்தியத் தயாரிப்பு விஷமுறிவு மருந்து, குப்பிக்குள் உறையுலர்த்திய தூளாகவே வருகிறது. 10 மில்லிலீற்றர் கிருமியற்ற நீரைச் சேர்த்து, நுரைக்காதபடி மெல்லச் சுழற்றிக் கரைப்போம். காசநோய்க்கெதிரான பிசிஜி தடுப்பூசியும் இவ்வகையே. கரைத்தபின் 6 மணித்தியாலத்துக்குமேல் அந்தத் தடுப்பூசியைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் நீர் சேர்ந்ததும் தூளாக இருந்தபோதிருந்த பாதுகாப்பு போய்விடுகிறது.

மூதூர் வியாபாரி:
இந்த முறை கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்கவே வைக்கிறது. ஆகவே பச்சையாக உலர்த்திய இறாலை ஊறவைத்தபின் கட்டாயம் சமைக்க வேண்டும். பொதியைத் திறந்து வைத்தால் நம் கடற்காற்றில் பழமும் விரைவில் நமுத்துவிடும்.

நிலாவெளிவாசி:
அனைவருக்கும் நன்றி. அக்கா திரும்பும்போது பெட்டியில் வழக்கம்போல இறால் கருவாடே போகும். பழம் நமுப்பதற்கு இடமில்லை. பிள்ளைகள் பொதியை அன்றைக்கே முடித்துவிட்டார்கள்.