கோணல் மூக்கு: நடுச்சுவரை மட்டும் நிமிர்த்தினால் போதுமா?

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு வயது 24. பழைய அடியில் மூக்கெலும்பு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே நடுச்சுவர் வளைந்து வலது துளை அடைக்கிறது. அடிபட்ட இரண்டு வாரத்துக்குள் என்றால் வெட்டாமலே எலும்பை நகர்த்தி உட்கார வைக்கலாம். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

செப்டோபிளாஸ்டி (நடுச்சுவரை நிமிர்த்தும் அறுவை) மட்டும் செய்தால் மூச்சு சரியாகலாம், வெளிக்கோணல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதனால் நடுச்சுவரையும் வெளி மூக்கையும் சேர்த்துச் சரிசெய்யும் செப்டோரைனோபிளாஸ்டிதான் சரி என்று படுகிறது. எலும்பை அறுத்து நகர்த்தினாலும், நடுச்சுவரின் மேல்விளிம்பில் குருத்தெலும்பு வளைந்தே இருந்தால் மூக்கு மறுபடி சாயும். அங்கே ஸ்ப்ரெடர் கிராஃப்ட் (தாங்கலுக்கு வைக்கும் மெல்லிய குருத்தெலும்புத் துண்டு) வைத்துத் தைப்பார்கள். இதற்காக நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பு எடுக்கும்போது அதன் மேல் ஓரத்திலும் முன் ஓரத்திலும் குறைந்தது 1 செ.மீ. பட்டை விட வேண்டும். குறைந்தால் மூக்கு நடுவில் குழிந்துவிடும்.

ஃபில்லர் (ஊசியால் தோலுக்கடியில் நிரப்பும் ஜெல்) யோசனையை விட்டுவிட்டோம். அது கோணலை மறைக்கும், அடைப்பைத் தீர்க்காது. ரத்தக்குழாயில் ஏறினால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம்.

செய்துகொண்டவர்களும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் சொல்லுங்கள்: கிராஃப்ட் நடுச்சுவரிலிருந்தே எடுத்தார்களா, விலா எலும்பிலிருந்தா? விலாக் குருத்தெலும்பு பிற்பாடு வளைந்ததா? வீக்கம் முழுதாக வடிய ஓராண்டு ஆகும் என்பதால், ஓராண்டு கடந்தவர்களின் பதில் ரொம்ப உதவும்.