ஹாஃப்-லைஃப் 2: ராவன்ஹோமில் குண்டு போதவில்லை

கேள்வி:
2004இல் வந்த கேமை இப்போதுதான் ஆடுகிறேன், பிரமாதம். ஆனால் ஜாம்பிகள் நிறைந்த ராவன்ஹோம் ஊருக்கு வந்ததும் துப்பாக்கிக் குண்டு தீர்ந்துகொண்டே போகிறது. கறுப்பு ஹெட்கிராப் (தலைமேல் பாயும் நண்டு மாதிரி விஷ ஜந்து) கடித்தால் உயிர் 1க்கு இறங்கிவிடுகிறது. எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்:
துப்பாக்கியை விடுங்கள். அந்த ஊருக்குள் நுழையும் முன் பொருட்களை இழுத்து வீசும் கிராவிட்டி கன்னைக் கையில் கொடுப்பதே இதற்குத்தான். ரம்பத் தட்டு ஒன்றை இழுத்துப் பிடித்து, இடுப்பு உயரத்தில் நேராக வீசுங்கள். வரிசையாக வரும் ஜாம்பிகள் இரண்டாகப் பிளந்து விழும். அப்புறம் சுவரில் குத்தி நிற்கும் தட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கேமிலேயே மிகப் பிடித்த ஆயுதம் அதுதான்.

பதில்:
கறுப்பு ஹெட்கிராப் மட்டும் உங்களைக் கொல்லாது. நீங்கள் போட்டிருக்கும் பாதுகாப்பு சூட் மாற்று மருந்து செலுத்தி, உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடும். அந்த இடைவெளியில் வேறொன்று அறைந்தால்தான் ஆபத்து. அதனால் கடிபட்டதும் சண்டையை விட்டு ஓடுங்கள். கூரையில் நிற்கும்போது தண்ணீர்க் குழாய் தடதடவென்று ஆடினால் வேகமான ஜாம்பி ஏறி வருகிறது என்று அர்த்தம். குழாய் முனையில் காத்திருந்து, தலை தெரிந்ததும் ஷாட்கன்னால் சுடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, ரம்பத் தட்டு அருமையாக வேலை செய்கிறது! அந்த ஊரில் நமக்கு உதவும் பாதிரியார் கிரிகோரியைப் பார்க்கும் வரை குண்டைத் தொடப் போவதில்லை.