மறு: 'சாஃப்ட் கேப்' – மென்வரம்பா, மட்டுப்புள்ளியா?

வணக்கம் நண்பர்களே,

நம் அகராதியின் கணினி ஆட்டப் பாத்திர வளர்ப்புச் சொற்களில், புள்ளி போடப் போடப் பலன் குறையத் தொடங்கும் இடமான 'சாஃப்ட் கேப்' என்பதற்கு 'மென்வரம்பு', அதற்கு மேல் ஏறவே முடியாத இடமான 'ஹார்ட் கேப்' என்பதற்கு 'வன்வரம்பு' என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. மென்பொருள், வன்பொருள் என்று நாற்பது தடவை படித்த கண்ணுக்கு இவை மென்பொருளின் வரம்பு, வன்பொருளின் வரம்பு என்றுதான் படும். அதைவிடப் பெரிய குறை, 'வரம்பு' என்ற சொல் புதிதாக ஆட வருபவருக்குத் தப்பான சேதியைச் சொல்கிறது. வரம்பு என்றால் அதற்கு மேல் போக முடியாது என்றுதானே பொருள்? நில உச்சவரம்பு என்றால் அதற்கு மேல் நிலம் வைத்துக்கொள்ள முடியாது. இங்கேயோ போகலாம். போட்ட புள்ளிக்கு வரும் பலன் மட்டும் குறையும்.

எல்டன் ரிங் என்ற ஆட்டத்தை (2022) எடுத்துக்கொள்வோம். விகர் என்ற பண்பு உயிரளவைக் கூட்டுகிறது. விகர் 25-ல் உயிர் 800. 40-ல் 1450. 60-ல் 1900. 99-ல் 2100. கழித்து வகுத்துப் பாருங்கள்: 25 முதல் 40 வரை புள்ளிக்கு ஏறத்தாழ 43 உயிர் கூடுகிறது. 40 முதல் 60 வரை 22. அதற்கு மேல் 39 புள்ளி போட்டாலும் மொத்தம் 200 உயிர்தான், புள்ளிக்கு ஐந்து. இதில் 40-ம் 60-ம்தான் நாம் பெயர் தேடும் இடங்கள். 99 வேறு கதை, அதற்கு மேல் ஆட்டமே விடாது. அதற்கு 'உச்சவரம்பு' என்ற பழைய சொல்லே சரி, புதிதாக ஒன்றும் வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் வேலூரில் எந்த வீட்டிலும் காதில் விழும் பேச்சு இது: "வெயில் மட்டுப்படட்டும், அப்புறம் கடைக்குப் போ." வெயில் நின்றுவிட்டது என்று யாரும் பொருள்கொள்வதில்லை. இருக்கிறது, உறைப்பு குறைந்திருக்கிறது. காய்ச்சல் மட்டுப்படுகிறது, மழை மட்டுப்படுகிறது. நமக்கு வேண்டிய பொருளும் இதுவே. ஆகவே மட்டுப்புள்ளி என்று முன்வைக்கிறேன். 'விகர் 40-ல் மட்டுப்படுகிறது' என்று வினையாகவும் எழுதலாம். மென்வரம்பை வைத்து அப்படி ஒரு வினை செய்ய முடியாது.

காட்பாடியிலிருந்து

---

காட்பாடி நண்பருக்கு,

மட்டுப்புள்ளி நன்றாக இருக்கிறது. ஒரு தடை சொல்கிறேன். குழுமங்களில் மாடரேட்டருக்கு 'மட்டுறுத்துநர்' என்று ஏற்கனவே புழங்குகிறது. 'மட்டு' என்பதை மாட்யூலுக்கும் எழுதுகிறார்கள். குழப்பம் வருமா என்று பார்த்தேன். ஆட்டம் பற்றிய வாக்கியத்தில் 'புள்ளி' கூடவே வருவதால் வராது என்று தோன்றுகிறது. என் வாக்கு மட்டுப்புள்ளிக்கே.

ஆனால் சொல்லை மட்டும் கொடுத்தால் புதியவருக்குப் போதாது. எப்போது அங்கே நிற்பது, எப்போது தாண்டுவது என்ற விளக்கமும் அகராதிக் குறிப்பில் வரவேண்டும். புதியவர்கள் இரண்டு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள். முதல் வகை, மட்டுப்புள்ளி என்ற சேதியே தெரியாமல் வலிமையில் புள்ளியைக் கொட்டிவிட்டு, விகர் 15-ல் நின்று, பெரிய எதிரியின் ஒரே அடியில் சாவது. இரண்டாம் வகை, எட்டுப் பண்புகளுக்கும் பந்தியில் பரிமாறுவது போல ஆளுக்குக் கொஞ்சம் போடுவது. எந்தப் பண்பில் போட்டாலும் அடுத்த நிலையின் (லெவலின்) விலை ஏறிக்கொண்டே போகும். வீணான புள்ளி பின்னால் வரும் நல்ல புள்ளியையும் விலை ஏற்றிவிடுகிறது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஆயுதம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அது கேட்கும் அளவுக்கு மட்டும் பண்பை ஏற்றவேண்டும். இரு கையால் பிடித்தால் வலிமை ஒன்றரை மடங்காகக் கணக்காகும். 30 வலிமை கேட்கும் ஆயுதத்துக்கு 20 போதும். அடுத்து விகர் 40-ஐ நோக்கி. அதுவரை அடியின் பலத்தைப் பண்புப் புள்ளியில் தேடவேண்டாம், கொல்லனிடம் தேடுங்கள். ஆயுதத்தை மேம்படுத்தக் கொல்லன் கேட்கும் கற்களில், சாதாரணக் கல்லில் ஆயுதம் +25 வரை, சிறப்பு ஆயுதங்களுக்கான சோம்பர் கல்லில் +10 வரை ஏறும். ஏறாத ஆயுதத்தில் பண்பின் பலன் ஒட்டுவதே கொஞ்சம்தான். அணிந்திருக்கும் சுமை தாங்கும் அளவில் 70 விழுக்காட்டைத் தாண்டினால், அடிக்குத் தப்ப உருள்வது கனத்துப்போகும். கவசம் மாற்றியதும் அந்த எண்ணைப் பாருங்கள்.

மட்டுப்புள்ளியைப் பட்டியல் பார்த்து மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நிலை ஏற்றும் திரையில் ஒரு புள்ளியைக் கூட்டிப் பாருங்கள். பக்கத்திலேயே பழைய எண்ணும் புது எண்ணும் தெரியும். உறுதி செய்யாமல் வெளியே வந்துவிடலாம். கூடுதல் சட்டென்று பாதியாகும் இடம்தான் மட்டுப்புள்ளி.

இன்னொரு சொல். 'ரீஸ்பெக்'கை 'மறுபங்கீடு' எனலாம். எல்டன் ரிங்கில் ரென்னாலா என்ற பாத்திரத்திடம் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் புள்ளிகளைத் திரும்பப் பிரிக்கலாம். ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் தேர்ந்த பாத்திர வகுப்பு கொடுத்த அடிப்படை அளவுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. இந்த அடிப்படைக்குக் குடியாத்தம் தறிக்காரர்கள் வாயில் இருக்கும் பாவு (தறியின் நீள நூல்) பொருந்தும். பாவு போட்டபின் ஊடையின் (குறுக்கு நூலின்) நிறத்தை எத்தனை முறையும் மாற்றலாம், பாவை மாற்ற முடியாது. 'வகுப்பின் பாவு வலிமை 14' என்றால் யாருக்கும் விளங்கும்.

குடியாத்தத்திலிருந்து

---

பாவு அருமை. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மட்டுப்புள்ளியை எங்கே எழுதக்கூடாது என்பதையும் குறிப்பில் சேருங்கள். டயப்லோ 2 என்ற ஆட்டத்தில் தீ, குளிர், மின்னல், நஞ்சு ஆகியவற்றுக்கான தடுப்பு வழக்கமாக 75 விழுக்காட்டில் நிற்கும். அங்கே கணக்கு தலைகீழ். 0-விலிருந்து 5-க்கு ஏறினால் வாங்கும் அடி நூற்றுக்கு ஐந்து குறையும். 70-லிருந்து 75-க்கு ஏறினால் 30 வாங்கியவர் 25 வாங்குவார், ஆறில் ஒரு பங்கு குறைகிறது. மேலே போகப் போகப் பலன் கூடுகிறது, மட்டுப்படுவதே இல்லை. அந்த ஆட்டத்தின் விரிவாக்கத்தில் ஹெல் என்ற கடைசிக் கடினநிலைக்குப் போனதும் தடுப்பில் 100 கழியும் என்பதால், அணிகலனில் அந்த நூறையும் சேர்த்து ஈடுகட்டவேண்டும். 60 வந்ததும் 'போதும், மட்டுப்பட்டிருக்கும்' என்று நின்றவர் அங்கே பிழைக்கமாட்டார்.

அதே ஆட்டத்தில் சூனியக்காரி என்ற பாத்திரம் பெரும்பாலான மந்திரங்களைப் போடும் வேகம் இன்னொரு வகை. அணிகலன் கூட்டும் வேகம் 63 விழுக்காடு ஆனதும் ஒரு பலன் கிடைக்கும். அடுத்தது 105-ல், அதற்கடுத்தது 200-ல். 64 முதல் 104 வரை எத்தனை சேர்த்தாலும் ஒரு மயிரிழை வேகம்கூடக் கூடாது. இது மட்டுப்புள்ளியும் அல்ல, உச்சவரம்பும் அல்ல. 'வேகப்படி' என்று எழுதிப் பார்க்கிறேன்: 'அடுத்த படி 105'. பொதுச்சொல்லாக வெறும் 'படி' போதுமா, 'பலன்படி' என்று நீட்டவேண்டுமா? அளக்கும் படியோடு குழம்புமா என்பதுதான் என் தயக்கம்.

ஆரணியிலிருந்து