எங்க தெரு குழு: பாப்பாவுக்கு வயித்துப்போக்கு

ரம்யா: செல்வி அக்கா, பாப்பாவுக்குக் காலையிலேர்ந்து அஞ்சு தடவை தண்ணியா போயிடுச்சு, ரெண்டு தடவை வாந்தி. ஒன்றரை வயசு. ஓஆர்எஸ் பொடி ஒரு டம்ளருக்கு எவ்வளவு போடணும்?

செல்வி அக்கா (நர்ஸ்): டம்ளர் கணக்குல போடாதே ரம்யா. பாக்கெட் பின்னாடி பாரு, பெரிசுக்கு 1 லிட்டர், சின்னதுக்கு 200 எம்எல்னு இருக்கும். கொதிச்சு ஆறின தண்ணியை அளந்து வச்சு, முழு பாக்கெட்டையும் ஒரே தடவையா கொட்டிக் கரை. தண்ணி குறைஞ்சா உடம்புல உப்பு ஏறிடும், அது ஆபத்து. சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் கலக்காதே. 24 மணி நேரம் ஆனா மீதியைக் கொட்டிடு.

ரம்யா: குடுத்த உடனே கக்கிடறாளே 😟

செல்வி அக்கா: 10 நிமிஷம் விட்டுட்டு, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் குடு. தாகத்துல மடமடன்னு குடிக்கப் பார்ப்பா, விடாதே, அதனாலதான் திரும்ப வாந்தி வருது. ஒவ்வொரு தடவை போனதும் 50லேர்ந்து 100 எம்எல் உள்ள போகணும். ரெண்டு வயசு தாண்டின பிள்ளைன்னா 100லேர்ந்து 200.

பாலாஜி: கடையில அட்டை டப்பால விக்குற ஜூஸ் மாதிரி ஓஆர்எஸ் வாங்கிட்டு வரவா?

முருகன் (மெடிக்கல்): வேண்டாம் சார். அதுல சர்க்கரை அதிகம், உப்பு கம்மி. அளவுக்கு மீறின சர்க்கரை குடலுக்குள்ள தண்ணியை இழுக்கும், பேதி கூடும். பானங்களோட பேர்ல ஓஆர்எஸ்னு போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உத்தரவே போட்டுச்சு. பழைய சரக்கு எங்கேயாவது இருக்கலாம். உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்ட பொடி பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்க.

சரோஜா பெரியம்மா: ஒரு நாள் சோறு குடுக்காம வயித்தைக் காயப் போட்டா நின்னுடுமே.

செல்வி அக்கா: இல்ல பெரியம்மா, பட்டினி போட்டா குடல் ஆறுறது தள்ளிப் போகும், பிள்ளையும் துவண்டு போயிடும். தாய்ப்பால் நிறுத்தவே கூடாது. வாந்தி அடங்கினதும் குழைய வடிச்ச தயிர்சாதம், இட்லி, வாழைப்பழம், உப்பு போட்ட கஞ்சின்னு கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடு ரம்யா. நின்னப்புறமும் ரெண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலா ஊட்டு.

முருகன் (மெடிக்கல்): ஜிங்க் மாத்திரை 20 எம்ஜி, தினம் ஒண்ணு, 14 நாள். ஒரு ஸ்பூன் தண்ணியில கரைச்சுக் குடுக்கணும். நடுவுல பேதி நின்னாலும் நிறுத்தக் கூடாது. ரெண்டு மாசத்துலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் உள்ள குழந்தைன்னா பாதி மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே தருவாங்க.

பாலாஜி: பெரியவங்க பேதி நிக்கப் போடுற மாத்திரையில கால் பங்கு?

செல்வி அக்கா: கூடவே கூடாது! அது குடலோட அசைவையே நிறுத்திடும், சின்னப் பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. வீட்ல மிச்சம் இருக்குற ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். ரம்யா, கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனா? அழும்போது கண்ணீர் வருதா?

ரம்யா: ஒரு மணி நேரம் இருக்கும் அக்கா. கண்ணீர் வருது. நாக்கு ஈரமாத்தான் இருக்கு.

செல்வி அக்கா: அப்போ வீட்லயே பார்த்துக்கலாம். ஆறு மணி நேரம் ஒண்ணுக்குப் போகலன்னா, கண்ணு குழி விழுந்தா, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவா திரும்பினா, மலத்துல ரத்தம் வந்தா, எதைக் குடுத்தாலும் கக்கினா, எழுப்பினாலும் தூங்கி வழிஞ்சா, ராத்திரின்னாலும் உடனே ஆஸ்பத்திரி. போற வழியிலயும் ஸ்பூன்ல குடுத்துட்டே போ. முழிச்சு விழுங்கினா மட்டும்.

முருகன் (மெடிக்கல்): ஜிங்க்கும் நாலு பாக்கெட்டும் பையன்கிட்ட குடுத்தனுப்புறேன் ரம்யா. பத்து நிமிஷம்.

செல்வி அக்கா: டயபர் மாத்தினதும் சோப்பு போட்டுக் கை கழுவு, அப்புறம் ஸ்பூனைத் தொடு 🙏