ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் விண்டோ கீழ எறங்கிட்டே போகுது, ஏன்?

ஆந்தைக்கண்:
வணக்கம் மக்களே. லினக்ஸ்ல சி-ல ஒரு சின்ன நோட்ஸ் ஆப் எழுதிட்டு இருக்கேன், டூல்கிட் எதுவும் இல்ல, நேரா எக்ஸ்லிப் தான் (லினக்ஸ்ல விண்டோ காட்டுற எக்ஸ் சர்வர் கூட பேசுற லைப்ரரி). மூடும்போது விண்டோ இருந்த இடத்த ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டு, மறுபடி திறக்கும்போது எக்ஸ்மூவ்விண்டோ போட்டு அதே இடத்துல வைக்கிறேன். வைக்கிறேன்னு நான்தான் நெனச்சுட்டு இருக்கேன், அது தடவைக்கு சரியா 37 பிக்ஸல் எறங்குது. 100, 137, 174, 211னு லாக்ல பாத்தா வாய்ப்பாடு மாதிரி இருக்கு. பக்கவாட்டுலயும் 1 பிக்ஸல் நகருது. முதல்ல எக்ஸ்கெட்ஜியாமெட்ரிய வச்சு இடத்த எடுத்தேன், விண்டோவ எங்க இழுத்துட்டு போனாலும் 1, 37னே சொல்லுச்சு, அதனால இப்ப எக்ஸ்ட்ரான்ஸ்லேட்கோஆர்டினேட்ஸ்ல ரூட் விண்டோவுக்கு, அதாவது மொத்த திரைக்கு, கணக்கு பண்ணி எடுக்குறேன்.

இன்னொண்ணு, ஆப் ஏற்கனவே ஓடிட்டு இருந்தா பழைய விண்டோவ முன்னாடி கொண்டு வரணும். எக்ஸ்ரெய்ஸ்விண்டோ போட்டா மேல வருது ஆனா டைப் பண்றது பழைய டெர்மினலுக்கே போகுது. எக்ஸ்செட்இன்புட்ஃபோகஸ் போட்டா, மினிமைஸ் ஆகி இருக்கும்போது பேட்மேட்ச்னு எரர் வந்து ஆப்பே செத்துடுது.

தயிர்வடை_கோடர்:
மூவ் பண்றதுக்கு முன்னாடி அரை செகண்ட் ஸ்லீப் போட்டு பாருங்க ப்ரோ, சேத்து வச்ச கட்டளைய சர்வருக்கு தள்ளுற எக்ஸ்ஃப்ளஷும் மறக்காதீங்க. எனக்கு ஒருதடவை அப்படித்தான் சரியாச்சு.

ஆந்தைக்கண்:
போட்டேன் ப்ரோ. இப்ப அரை செகண்ட் கழிச்சு அதே 37 எறங்குது 😂

பழைய_எலி:
ஸ்லீப்ப தூக்குங்க முதல்ல. பதில் உங்க லாக்லயே இருக்கு, அந்த 1, 37 தான். விண்டோக்கு டைட்டில்பார், பார்டர் போட்டு இடம் கொடுக்குற விண்டோ மேனேஜர் உங்க விண்டோவ எடுத்து தன்னோட ஃப்ரேம் விண்டோவுக்குள்ள சொருகிடுது, ரீபேரன்ட்டிங்னு சொல்லுவாங்க, அதுக்கப்புறம் உங்க பேரன்ட் ரூட் இல்ல, அந்த ஃப்ரேம். ஜியாமெட்ரி பேரன்ட்ல இருந்து அளந்து சொல்லுது, அதான் எப்பவும் அதே நம்பர். டைட்டில்பார் 37, பார்டர் 1.

இப்ப சேவ் பண்ணும்போது நீங்க எழுதுறது உள்ள இருக்குற விண்டோவோட மூலை. திறக்கும்போது மூவ் போட்டா அது நேரா சர்வருக்கு போய் நடந்துடாது, விண்டோ மேனேஜர் நடுவுல புடிச்சுக்கும். அது "ஓ, ஃப்ரேமோட மூலைய 137ல வைக்க சொல்றான்"னு எடுத்துக்குது, ஏன்னா கிராவிட்டி (கொடுத்த இடம் எந்த மூலைக்குன்னு சொல்றது) சொல்லலன்னா நார்த்வெஸ்ட், அதாவது ஃப்ரேமோட மேல் இடது மூலைதான். ஃப்ரேம் 137ன்னா உள்ள இருக்குறது 174. அவ்ளோதான் மேட்டர், நீங்க உள் மூலைய சொல்றீங்க அது வெளி மூலையா புரிஞ்சுக்குது.

விண்டோவ மேப் பண்றதுக்கு (திரையில காட்டுறதுக்கு) முன்னாடியே எக்ஸ்சைஸ்ஹின்ட்ஸ்ல வின்_கிராவிட்டிக்கு ஸ்டாட்டிக்கிராவிட்டி கொடுங்க, அப்ப அது உள் மூலையாவே எடுத்துக்கும், ஃப்ளாக்ஸ்ல பிவின்கிராவிட்டியும் யுஎஸ்பொசிஷனும் ரெண்டும் இருக்கணும், பொசிஷன் ஃப்ளாக் இல்லன்னா நிறைய மேனேஜர் தன் இஷ்டத்துக்கு எங்கயாவது வச்சுடும். இல்லன்னா சேவ் பண்ணும்போதே ஃப்ரேமோட ஓர அளவு இருக்குற _நெட்_ஃப்ரேம்_எக்ஸ்டென்ட்ஸ் படிச்சு கழிச்சுடுங்க, அதுல வரிசை இடது, வலது, மேல், கீழ். நான் மேல்தான் முதல்னு நெனச்சு ஒரு நாள் முழுக்க மண்டைய ஒடச்சிருக்கேன்.

ஃபோகஸுக்கு நீங்களா கை வைக்காதீங்க. திரையில தெரியாத விண்டோவுக்கு ஃபோகஸ் கொடுத்தா பேட்மேட்ச் வர்றதுதான் ரூல். _நெட்_ஆக்டிவ்_விண்டோனு ஒரு கிளையன்ட் மெசேஜ் ரூட்டுக்கு அனுப்புங்க, மாஸ்க்ல சப்ஸ்ட்ரக்சர்ரீடைரக்ட், சப்ஸ்ட்ரக்சர்நோட்டிஃபை ரெண்டும். டேட்டால முதல் இடத்துல 1 (கேக்குறது ஒரு சாதாரண ஆப்னு அர்த்தம்), அடுத்தது யூசர் கடைசியா க்ளிக் பண்ண டைம்ஸ்டாம்ப். டைம்ஸ்டாம்ப் 0ன்னு விட்டா ஃபோகஸ் திருடுறான்னு சந்தேகப்பட்டு டாஸ்க்பார்ல மினுக்க மட்டும் செய்யலாம்.

நிழல்_47:
எலி அண்ணா சொன்னது எக்ஸுக்கு பக்கா. ஆனா ஆந்தைக்கண், எக்ஸுக்கு பதிலா வந்த வேலண்டுக்கு மாறுற ப்ளான் இருந்தா இந்த சேவ் பண்ற கதையவே மறந்துடுங்க. அங்க ஆப் விண்டோவுக்கான எக்ஸ்டிஜி_டாப்லெவல்ல மாக்ஸிமைஸ், மினிமைஸ், ஃபுல்ஸ்கிரீன் கேக்கலாம், நான் எங்க இருக்கேன்னு கேக்கவே முடியாது, அங்க விண்டோக்கள திரையில வைக்கிற கம்பாசிட்டர் சொல்லாது. ஜிடிகேங்கற டூல்கிட்டோட 4ல ஜிடிகே_விண்டோ_மூவையே தூக்கிட்டாங்க. எனக்கு இது புடிக்கல, ஆனா எந்த ஆப்பும் அடுத்தவன் விண்டோ மேல போய் உக்கார முடியாதுங்கறதும் நல்லதுதான்.

தயிர்வடை_கோடர்:
விண்டோஸ்லயும் இதே மாதிரி ஒரு கூத்து இருக்கு. 10ல கெட்விண்டோரெக்ட் கண்ணுக்கு தெரியாத பார்டரையும் சேத்து சொல்லும், 100% ஸ்கேலிங்ல 7 பிக்ஸல். அதையே செட்விண்டோபோஸுக்கு கொடுத்தா நகராது, ரெண்டு பக்கமும் ஒரே அளவுகோல். ஆனா 0, 0ல வச்சா இடது ஓரத்துல ஒரு சந்து தெரியும்.

ஆந்தைக்கண்:
எலி அண்ணா ஸ்டாட்டிக்கிராவிட்டி வேலை செய்யுது!! இருவது தடவை திறந்து மூடிட்டேன், 137லயே நிக்குது. ஃபோகஸும் வந்துடுச்சு, முதல்ல நான் டைம்ஸ்டாம்ப் 0தான் கொடுத்திருந்தேன், அதான் மினுக்கிட்டே இருந்துச்சு. ஒரே ஒரு சந்தேகம், ரெண்டாவது மானிட்டர கழட்டிட்டு திறந்தா விண்டோவையே காணோம்.

பழைய_எலி:
அது கழட்டின மானிட்டர் இருந்த 2400 மாதிரி இடத்துலயே போய் உக்காந்திருக்கும். வைக்கிறதுக்கு முன்னாடி எந்தெந்த மானிட்டர் இருக்குன்னு எக்ஸ்ஆர்ஆர்கெட்மானிட்டர்ஸ்ல கேட்டுட்டு, எந்த மானிட்டருக்குள்ளயும் விழலன்னா சேவ் பண்ண இடத்த விட்டுடுங்க, மேனேஜரே வச்சுக்கட்டும்.