ஆபீஸ் சிஸ்டம் மாற்றியபோது என்ன நடந்தது? கடலூர், புதுச்சேரி நண்பர்களின் அனுபவப் பகிர்வு

கெடிலக்கரை எழுதியது:

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறேன். நாலு பேர், அஞ்சு சிஸ்டம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்பது எங்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். ஆனால் ஆவணியும் புரட்டாசியும் ரிட்டர்ன் வேலையிலேயே போய்விட்டன. தேதி நெருங்கின பிறகுதான் ஒவ்வொரு சிஸ்டமாகத் திறந்து பார்த்தோம்.

இரண்டு சிஸ்டம் விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை. அவற்றில் செலவில்லாமல் ஏற்றிக்கொண்டோம். மற்ற மூன்றிலும் ஏழாம் தலைமுறை இன்டெல் சிப். விண்டோஸ் 11 கேட்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். மூன்றும் நன்றாக ஓடுகிற சிஸ்டங்கள். எஸ்எஸ்டி போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை. ஆபீஸில் இருக்கிற இளைய பையன், "ஒன்றில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்க்கலாம் சார்" என்றான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம் அது. ஆடிட்டர் சாரும் சரி என்றார்.

முதல் பத்து நாள் எனக்கே ஆச்சரியம். ஜிஎஸ்டி போர்ட்டல், வருமான வரி போர்ட்டல், ஈ-வே பில், மெயில் எல்லாம் பிரவுசரில் வழக்கம்போலத் திறந்தன. பிரின்டரும் ஸ்கேனரும் தனி டிரைவர் மென்பொருள் கேட்காமலே வேலை செய்தன. எங்கள் அன்றாட வேலையில் முக்கால்வாசி பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. கணக்கு எழுதும் மென்பொருளான டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது என்பதால் அந்த வேலையை வேறு சிஸ்டத்தில் வைத்துக்கொண்டோம்.

அப்புறம் 20-ஆம் தேதி வந்தது. ஜிஎஸ்டியின் மாதாந்திர 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். தனி நபர் வியாபாரம் என்றால் ஓடிபி போதும். கம்பெனிக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்தக் கையெழுத்துச் சான்றிதழ் இருக்கிற யூஎஸ்பி டோக்கனை இயக்குநரே சாயங்காலம் பைக்கில் கொண்டுவந்து கொடுத்தார். செருகினேன். டோக்கனின் தலையில் உள்ள சின்ன விளக்கு எரிந்தது. கையெழுத்துப் போடும் மென்பொருளும் திறந்தது. ஆனால் சான்றிதழ் பெயர் வர வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. பிடுங்கிச் செருகினேன், வேறு ஓட்டையில் செருகினேன், சிஸ்டத்தை அணைத்துப் போட்டேன். மணி எட்டரை. அவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் பக்கத்து மேஜையில் இருந்த விண்டோஸ் சிஸ்டத்தில் செருகினதும் நாலு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

லினக்ஸில் டோக்கன் வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வகை டோக்கனுக்கும் தனி டிரைவர். எங்கள் கையில் இருந்த வகைக்குச் சரியானது அமையவில்லை, அவ்வளவுதான். என்னென்ன மென்பொருள் வேண்டும் என்று பட்டியல் போட்ட நாங்கள், யூஎஸ்பியில் மாதத்துக்கு ஒரு தடவை என்ன செருகுகிறோம் என்று எழுதவில்லை. உங்கள் ஆபீஸில் எது காலை வாரியது? விவரமாக எழுதுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

வில்லியனூர் பில்லிங் எழுதியது:

எங்களுடையது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பேக்கிங் சாமான் மொத்த வியாபாரம். நான் பில் போடுகிறேன். பல வருடமாக ஒரு எக்செல் ஃபைலில்தான் பில். உள்ளே மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் கட்டளை வரிகள், உண்டு. போன வருடம் எனக்குப் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தார்கள். ஃபைலைத் திறந்தால் மேக்ரோ சிவப்பு எழுத்தில் நின்றுவிட்டது. பழையது 32 பிட் ஆபீஸ், புதியது 64 பிட். 2019 பதிப்பிலிருந்து ஆபீஸ் போட்டால் தானாகவே 64 பிட் தான் ஏறும். விண்டோஸை நேரடியாகக் கூப்பிடும் பழைய மேக்ரோ வரிகளில் ஒரு சொல் சேர்த்தால்தான் அதில் ஓடும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்தவரும் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதனால் மேக்ரோ இல்லாமல் கையால் போட்டுக்கொள்ளலாம் என்று மாநிலப் பட்டியலைப் புதிதாக அடித்தேன். நம் ஊரைப் 'புதுச்சேரி' என்று அடித்தேன், 2006-லிருந்து அதுதானே பெயர். வாடிக்கையாளர் பட்டியலிலோ அந்தக் காலத்து ஆள் 'பாண்டிச்சேரி' என்றே வைத்திருந்தார். ஃபார்முலா இரண்டையும் ஒப்பிட்டது. பெயர் ஒத்துப்போனால் உள்மாநிலம் என்று சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. ஒத்துப்போகாவிட்டால் வெளிமாநிலம் என்று ஐஜிஎஸ்டி. நெல்லித்தோப்புக் கடைக்குப் போட்ட பில்லில் ஐஜிஎஸ்டி! கடலூருக்கு அனுப்பினால் அது சரி, அரை மணி தூரமானாலும் அது வேறு மாநிலம். நெல்லித்தோப்புக்கு எப்படிச் சரியாகும்? பதினோரு பில் அப்படிப் போயிருந்தது. ரிட்டர்ன் போடும் முன்னே கடைக்காரர் ஒருவர் போன் செய்ததால் தப்பித்தோம். எல்லாவற்றையும் ரத்து செய்து மறுபடி போட்டேன்.

இப்போது ஃபார்முலா மாநிலப் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்கிறது. 34 என்றால் நாம், 33 என்றால் தமிழ்நாடு. பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

முதுநகர் டைப்பிங் எழுதியது:

கோர்ட், பத்திர வேலைகளுக்குத் தமிழில் டைப் அடித்துக் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருடம். தட்டச்சு பரீட்சை பாஸ் செய்தவள் என்பதால் பழைய டைப்ரைட்டர் கீபோர்டு முறைதான் கை பழகினது. என்னிடம் இருக்கும் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தவை.

பாமினி மாதிரி எழுத்துருக்கள் செய்வது என்ன என்றால், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்துவிடும். எழுத்துரு இருக்கும் சிஸ்டத்தில் 'மேற்படி சொத்து' என்று தெரிவது, இல்லாத சிஸ்டத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவும் கலந்து கிடக்கும். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், எந்த சிஸ்டத்திலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. ஆனால் என் அலமாரியில் இருப்பது அதற்கு முந்தின ஃபைல்கள். புது சிஸ்டம் வாங்கினபோது எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று ஒரு இலவச மாற்றியில் போட்டேன். பக்கம் பக்கமாக அழகான தமிழ் வந்தது. சந்தோஷமாக இருந்தது.

ஒரு கிரயப் பத்திர வரைவைப் பிரின்ட் எடுத்துப் படித்தேன். சர்வே எண் 114/2-க்குப் பக்கத்தில் ஆங்கில 'ஏ' இருக்க வேண்டும். அந்த இடத்தில் 'யு' என்று இருந்தது. இரண்டு பாரா தள்ளி ஆங்கில 'சி' வர வேண்டிய இடத்தில் 'ஊ'. மாற்றிக்கு எது தமிழ், எது நிஜமாகவே ஆங்கிலம் என்று தெரியாது. பாமினியில் ஷிஃப்டோடு அடித்தால் ஏ விசை 'யு', சி விசை 'ஊ'. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் பத்திரத்தில் உட்பிரிவு எழுத்து மாறினால் அது அடுத்தவர் நிலம். எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. அன்றைக்கு மாற்றின நாற்பது ஃபைலையும் பழையதோடு பக்கத்தில் வைத்து, முதலில் எண்களை மட்டும், அப்புறம் பெயர்களை, என்று இரண்டு தடவை ஒப்பிட்டேன்.

இப்போது நேரே யூனிகோடில்தான் அடிக்கிறேன். டைப்ரைட்டர் முறையை விடவில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் டைப்பிங் மென்பொருளில் அதே விசைப்பலகை கிடைக்கிறது, தமிழ் 99 என்ற விசைப்பலகையும் கிடைக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளை நான் தமிழ் 99-க்கே அனுப்புகிறேன். பழைய ஃபைல் எதையும் அழிக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலோடும் ஒரு பிடிஎஃப் எடுத்து வைத்திருக்கிறேன். எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால் எந்த சிஸ்டத்திலும் அப்படியே தெரியும்.

ரெட்டியார்பாளையம் எழுதியது:

கெடிலக்கரை சார், நானும் டோக்கனில் மாட்டினவன். எனக்கு மேக்புக். புது ஆப்பிள் சிப்பில், மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பாரலல்ஸ் மென்பொருளைப் போட்டு விண்டோஸ் 11 ஏற்றினேன். பழைய புரோகிராம்களை அது மொழிபெயர்த்து ஓட்டிவிடுகிறது. டிரைவரை அப்படி ஓட்ட முடியாது, அந்தச் சிப்புக்கென்றே எழுதியிருக்க வேண்டும். ஆபீஸில் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப் கையெழுத்துக்காகவே இருக்கிறது.

மிஷன் வீதி மொழிபெயர்ப்பு எழுதியது:

நாங்கள் பிரெஞ்சு-தமிழ் ஆவண மொழிபெயர்ப்பு செய்கிறோம். பிரான்ஸிலிருந்து ஒரு வாடிக்கையாளர் மாதாமாதம் கட்டணப் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக, அதாவது பத்திகளை ஒரு குறியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக, அனுப்புவார். அங்கே 1250,50 என்று எழுதினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ ஐம்பது சென்ட். தசமத்துக்கு நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் கமா வைப்பார்கள். அதனாலேயே அவர்களுடைய சிஎஸ்வியில் பத்திகளைப் பிரிப்பது அரைப்புள்ளி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாமல் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறந்தேன். இந்திய அமைப்பில் இருக்கும் எக்செல் கமாவைக் கண்ட இடத்தில் வெட்டியது. யூரோ ஒரு கட்டத்தில், சென்ட் அடுத்த கட்டத்தில். தேதியும் பெயரும் யூரோவோடு ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக நின்றன. நான் அதைக் கையால் சரிசெய்ய ஆரம்பித்து, ஒரு மதியம் முழுக்க அதிலேயே போனது. வழி சுலபம்தான். டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் ஃபைலாக உள்ளே எடுத்து, பிரிப்பான் அரைப்புள்ளி, நாடு பிரான்ஸ் என்று சொன்னால் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துவிடும்.

சாதாரண எக்செல் ஃபைலில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே 'சோம்' என்று எழுதின கூட்டல் ஃபார்முலா இங்கே 'சம்' என்றே திறக்கும். அதனால் இப்போது சிஎஸ்வி வேண்டாம், எக்செல் ஃபைலாகவே அனுப்புங்கள் என்று கேட்டு வாங்குகிறேன்.

அரியாங்குப்பம் எழுதியது:

என்னுடையது ஃபெஞ்சல் புயல் சமயத்து அனுபவம். 2024 நவம்பர் 30 ராத்திரி கரை கடந்து, புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அப்போது ஆபீஸில் தண்ணீர். திங்கள்கிழமை ஒரு கொட்டேஷன் போயே ஆக வேண்டும். ஃபைல் ஆன்லைன் டிரைவில் இருந்தது. அக்கா வீட்டு லேப்டாப்பில் மைக்ரோசாப்ட் ஆபீஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ்தான். திறந்தது, திருத்தவும் முடிந்தது. ஆனால் இரண்டு பக்கக் கடிதம் மூன்றாம் பக்கத்துக்கு வழிந்து, கையெழுத்து இடம் மட்டும் அந்தப் பக்கத்தில் தனியாக நின்றது. காரணம் எழுத்துரு. கடிதம் கலிப்ரியில், தமிழ் வரிகள் லதாவில். அந்த லேப்டாப்பில் இரண்டும் இல்லை. கலிப்ரிக்கு அதே அகலத்தில் கார்லிட்டோ என்ற இலவச எழுத்துரு இருக்கிறது. அதைப் போட்டதும் ஆங்கிலப் பகுதி பழைய இடத்துக்கு வந்தது. தமிழ்ப் பகுதிக்கு நோட்டோ சான்ஸ் போட்டு அளவைக் கொஞ்சம் குறைத்தேன். பிடிஎஃப் ஆக்கி, போன் ஹாட்ஸ்பாட்டில் அனுப்பினேன். இப்போதெல்லாம் புதுக் கடிதங்களில் தமிழுக்கு நோட்டோவையே வைக்கிறேன், எல்லா சிஸ்டத்திலும் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

கெடிலக்கரை மறுபடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் மூன்று பழைய சிஸ்டம் என்ன ஆயிற்று என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஒன்றுக்குப் பதில் புதிது வாங்கினோம், டேலியும் டோக்கனும் அதில். ஒன்றில் விண்டோஸ் 10-ஐயே வைத்து, 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களில் சேர்த்துவிட்டோம். அது ஒரு வருட அவகாசம்தான், அதற்குள் முடிவெடுக்க வேண்டும். மின்ட் போட்டது அப்படியே ஓடுகிறது. ஸ்கேன், மெயில், போர்ட்டலில் நோட்டீஸ் பார்ப்பது எல்லாம் அதில்தான். அந்த மேஜைப் பெண் வேறு சிஸ்டம் வேண்டாம் என்கிறார்.

டோக்கன்களை இப்போது ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் வாங்கி, செருகி, பெயர் வருகிறதா என்று பார்த்துவிடுகிறோம். பாஸ்வேர்டு தெரியாமல் ஊகித்து அடிக்க மாட்டோம். சில தடவை தப்பானால் டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

வில்லியனூர் நண்பரே, எங்கள் வாடிக்கையாளர் பட்டியலிலும் பாண்டிச்சேரி, புதுச்சேரி இரண்டும் இருக்கின்றன. நேற்றே 34-க்கு மாற்றிவிட்டேன்.

முதுநகர் அக்கா, எங்களிடமும் 2009 வரைக்குமான கடிதங்கள் பாமினியில்தான் கிடக்கின்றன. பான் எண், ஜிஎஸ்டி எண்ணுக்கு முந்தின டின் எண், எல்லாம் அதற்குள். வருகிற ஞாயிறு பையனையும் கூட்டிக்கொண்டு உட்காருகிறேன். நீங்கள் சொன்னபடி முதலில் எண்களை மட்டும் ஒப்பிடுகிறோம்.