ரீட்யூன் ஸ்பீடு பூஜ்யம்: ரோபோக் குரல் செய்தவர்கள் எழுதுங்கள்

கலவைக்காரன்:

ஹவுஸ், டிரான்ஸ் வகை நடனப் பாடல்களில் வரும் இயந்திரக் குரலை எப்படிச் செய்வது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோ-டியூனைப் போடு, ரீட்யூன் ஸ்பீடைப் பூஜ்யத்தில் வை, முடிந்தது. முடிவதில்லை ஐயா. அந்தக் குரலில் பாதிக்கு மேல் பாடுகிறவரின் வேலை என்பது என் கட்சி.

ஒரு பாடலுக்கு மேடைக் கச்சேரிகளில் பாடித் தேர்ந்த பாடகி ஒருவரை அழைத்திருந்தேன். சுருதி சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஒவ்வொரு ஸ்வரத்திலும் நேராகப் போய் நின்றார். ஆட்டோ-டியூன் பிளக்-இன்னை இயக்கினால் பெரிய மாற்றமே தெரியவில்லை. திருத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கோரஸ் பாட வந்த கல்லூரிப் பையன் அதே வரியை இழுத்து இழுத்துப் பாடினான். ஸ்பீக்கரில் ரோபோ வந்துவிட்டது.

விலகிய குரலைச் சரியான ஸ்வரத்துக்கு எத்தனை மில்லிசெகண்டில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் ரீட்யூன் ஸ்பீடு. 30, 40 என்று வைத்தால் சாதாரணமாகக் கேட்பவருக்குத் தெரியாது. பூஜ்யத்தில் வைத்தால், குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும்போது நடுவழியில் சட்டென்று தாவிவிடும். ரோபோ என்று நம் காது சொல்வது அந்தத் தாவலைத்தான். வழுக்கலே இல்லாத குரலில் அது எடுபடாது. அதனால் இப்போதெல்லாம் பாடுகிறவர்களிடம் 'கொஞ்சம் சோம்பலாகப் பாடுங்கள்' என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல பாடகர்களுக்கு இது பிடிப்பதில்லை.

ஸ்கேலையும், அதாவது எந்தெந்த ஸ்வரங்களுக்குத் திருத்தலாம் என்று பிளக்-இன்னுக்குச் சொல்லும் பட்டியலையும், கவனியுங்கள். குரோமாட்டிக்கில் 12 ஸ்வரங்களும் திறந்திருப்பதால் தாவல்கள் சின்னதாகவே இருக்கும். பாட்டுக்கு வேண்டிய ஐந்தை மட்டும் விட்டு மற்றவற்றை அடைத்துப் பாருங்கள்; குரல் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று அரைஸ்வரம் எகிறும். மோகனத்தின் ச ரி க ப த போதும். க-விலிருந்து ப-வுக்குப் போகும் இடத்தில் அந்த எகிறல் பளிச்சென்று விழும்.

பழைய கேசட்:

1998-இல் அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிய 'பிலீவ்' வந்தபோது அந்தக் குரலை எதில் செய்தார்கள் என்று எங்கள் வட்டத்தில் பெரிய விவாதம். அதன் தயாரிப்பாளர்கள் மார்க் டெய்லரும் பிரையன் ராலிங்கும் 1999-இல் 'சவுண்ட் ஆன் சவுண்ட்' பத்திரிகையிடம் வோகோடர் பெடல் என்று சொல்லிவிட்டார்கள். என் நண்பர் ஒருவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு கடன் வாங்கிய வோகோடரைத் திருகாத திருகு இல்லை. அந்தக் குரல் வரவே இல்லை. எப்படி வரும்? அது ஆட்டோ-டியூன் என்று பிறகுதான் தெரியவந்தது. தொழில் ரகசியத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய். எனக்கு அதில் கோபமில்லை, ரசிக்கத்தான் தோன்றுகிறது.

இரண்டையும் இன்றைக்கும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வோகோடரில் ஒலிப்பது சிந்தசைசர்; உங்கள் வாயசைவின் வடிவத்தை மட்டும் அது வாங்கிக்கொள்ளும். நீங்கள் சுருதி தப்பிப் பாடினாலும் கவலையில்லை, கீபோர்டில் அழுத்திய ஸ்வரம்தான் வரும். ஆட்டோ-டியூனில் ஒலிப்பது உங்கள் குரலேதான். மூச்சு, கரகரப்பு எல்லாம் அப்படியே இருக்க, சுருதி மட்டும் மனிதத்தன்மை இழந்துவிடும். ஷெர் பாடலிலும் குரல் உடைவது சில சொற்களில்தான் அழுத்தமாகக் கேட்கும். மற்ற இடங்களில் அவர் அவராகவே பாடுகிறார். அந்தச் சிக்கனம் இப்போது யாரிடமும் இல்லை.

ஆட்டோ-டியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிரான்ட் முன்பு எண்ணெய்த் தொழிலில் இருந்தவர். நிலத்துக்குள் அலைகளை அனுப்பி, திரும்பி வருவதைக் கணக்கிட்டு எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வேலை. அந்தக் கணித அறிவுதான் குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கவும் கைகொடுத்தது. 1997-இல் வெளிவந்தபோது நோக்கம், திருத்தியதே தெரியாமல் திருத்துவது!

நிஷாதம்:

நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். கலவைக்காரன் அவர்களே, அந்தப் பாடகியைத் தோடியில் ஒரு வரி பாடச் சொல்லியிருக்கலாமே! என் மாணவி ஒருத்தி லேப்டாப்பில் அதைச் செய்து காட்டினாள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். பிளக்-இன்னுக்கு அது கமகம் என்று தெரியுமா? ஒவ்வொரு அசைவையும் தவறு என்று எண்ணி, பக்கத்தில் எந்த ஸ்வரம் இருக்கிறதோ அதில் கொண்டுபோய் ஒட்டுகிறது. கமகம் முழுவதும் படிக்கட்டாகிவிட்டது. முதலில் காதைப் பொத்திக்கொண்டேன். பின்னால் டிரம்ஸைச் சேர்த்து மறுபடி போட்டாள், சரி, இதிலும் ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அல்ஜீரியாவின் ராய் என்ற ஜனரஞ்சக இசையைப் பாடுகிறவர்கள் இந்தக் கருவியைக் கட்டிக்கொண்டதை அவள் சொல்லித்தான் கேட்டேன். அவர்களும் குரலை வளைத்து நெளித்துப் பாடுகிறவர்கள். ஏன் பிடித்தது என்று உடனே புரிந்தது.

பின்னிரவு:

எல்லோரும் சுருதியைப் பற்றியே பேசுகிறீர்கள், தாளத்தை யாரும் தொடவில்லை. நடன இசையில் தாவல் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் உயிர். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) பதினாறில் ஒரு பங்கு நோட், அதாவது ஓர் அடியில் கால் பங்கு, சுமார் 117 மில்லிசெகண்ட். வழுக்கல் பாதி தூரத்தைக் கடக்கும் நொடியில்தான் தாவல் விழும். அது அந்தப் பதினாறில் ஒரு பங்குக் கட்டத்துக்கு முன்னும் பின்னும் சிதறினால் கிக் டிரம்மோடு முட்டிக்கொண்டே இருக்கும். நான் சுருதியைக் கையாலேயே வரையவிடும் கிராஃப் மோடில் போய் நேர்கோடுகளாக வரைந்து, கோடு மாறும் இடத்தைத் தாளத்தின் மேல் வைத்துவிடுவேன். பொறுமை வேண்டும். ஆனால் பிறகு குரலே டிரம்ஸின் ஹை-ஹாட் மாதிரி வேலை செய்யும்.

ஒரு மனக்குறையும் உண்டு. ரீமிக்ஸுக்காக ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்த குரல் ஃபைலில் ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்) ஏற்கெனவே கலந்து அனுப்பியிருந்தார்கள். முந்தைய ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தின் மேல் கிடக்கிறது. எது குரல், எது எதிரொலி என்று தெரியாமல் பிளக்-இன் தடுமாறி, நடுநடுவே தொண்டை கட்டியதுபோல் ஒரு களகளப்பு. வெறும் குரலைக் கேட்டு எழுதினேன், வரவில்லை. கடைசியில் அந்தக் களகளப்பையே வெட்டி எடுத்து, டிரம்ஸ் ஓயும் பிரேக்கில் போட்டேன். அதைத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள்!

மடிக்கணினி:

இலவச பிளக்-இன்களில் தொடங்கியிருக்கிறேன். கிராய்லன், எம்-ஆட்டோபிட்ச் இரண்டும் இருக்கின்றன. பாடும்போதே ஹெட்ஃபோனில் ரோபோக் குரலைக் கேட்டால் நன்றாக வருமா, அல்லது சாதாரணமாகப் பாடி முடித்துப் பின்னால் போடலாமா?

கலவைக்காரன்:

கேட்டுக்கொண்டே பாடுங்கள் தம்பி. எங்கே வழுக்கினால் தாவுகிறது என்று தொண்டை தானாகக் கற்றுக்கொள்ளும். குரல் ஹெட்ஃபோனுக்குத் தாமதமாக வராமலிருக்க, கணினியின் ஆடியோ பஃபரை 128 சாம்பிளுக்குக் கீழே வையுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லிசெகண்டுக்குள் அடங்கும். கணினி திணறினால் மற்ற டிராக்குகளை ஒரே ஸ்டீரியோ ஃபைலாக்கி அதன் மேல் பாடுங்கள். பதிவில் மட்டும் திருத்தாத குரல் போகட்டும், ஸ்கேலை மாற்ற நினைத்தால் கையில் இருக்கும். கம்ப்ரஸர், டிலே, ரிவெர்ப் எல்லாம் பிளக்-இன்னுக்குப் பின்னால்தான். பின்னிரவு பட்ட பாட்டைப் படித்தீர்கள் அல்லவா?

நிஷாதம் அவர்களே, அந்தத் தோடிப் பதிவை இங்கே போட மாணவி சம்மதிப்பாரா?